‘வென்றேன்’ என்பதற்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், ‘ஒன்பது பழைய வீடியோ கேம்களை இரண்டே வாரத்தில் வென்றேன்’ என்ற தலைப்பில் ஓர் இளைஞரின் கட்டுரை வெளியாகியிருந்தது. சுவையாகத்தான் எழுதியிருக்கிறார். இரண்டு இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் நான்காவது பத்தியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போகிறார்: பள்ளத்தில் விழுந்தால், விழுவதற்கு முந்தைய நொடிக்கே திரும்பிப் போகும் வசதி அவருடைய எமுலேட்டரில் (பழைய விளையாட்டுகளை இன்றைய கருவிகளில் ஓடவைக்கும் மென்பொருள்) இருந்ததாம், அதனால் ‘நிறைய நேரம் மிச்சமானது’ என்கிறார்.

அந்த வரியைப் படித்ததும் என் கை சிவப்புப் பேனாவைத் தேடியது. 27 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்திச் சம்பாதித்தவள் நான். வேலையை விட்டுச் சில ஆண்டுகள் ஆகியும், அச்சில் எதைப் பார்த்தாலும் கண் முதலில் பிழையைத்தான் தேடுகிறது. (வீட்டில் இதற்காக நான் வாங்கும் பேச்சு தனிக் கதை.) அந்தக் கட்டுரை என் மேசைக்கு வந்திருந்தால், தலைப்பில் உள்ள ‘வென்றேன்’ என்பதை அடித்துவிட்டு ‘முடித்தேன்’ என்று ஓரத்தில் எழுதியிருப்பேன். அன்று எனக்குத் தலைவலியும் இருந்திருந்தால், ‘கடைசிவரை பார்த்தேன்’.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு நீளக் கடிதமா என்று நீங்கள் கேட்கலாம். 15 வயதிலிருந்து அந்த விளையாட்டுகளோடு மல்லுக்கட்டியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள். தலைப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அந்தக் காலத்து விளையாட்டுகள் அளவில் மிகச் சிறியவை. 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்கு கட்டங்கள், ஆக 32 கட்டங்கள். படம், இசை எல்லாம் சேர்த்து அத்தனையும் 40 கிலோபைட்டில் அடங்கிவிட்டன. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்துக்கு அதைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். வழி தெரிந்தவர் நிற்காமல் ஓடினால், குறுக்கு வழி எதுவும் இல்லாமலேயே அரை மணி நேரத்துக்குள் எல்லாக் கட்டங்களையும் கடந்துவிடலாம். அவ்வளவுதான் சரக்கு. அதை எங்களால் மாதக்கணக்கில் விளையாட முடிந்தது என்றால், செத்துச் செத்துப் பிழைத்ததால்தான். மூன்று உயிர்கள் தீர்ந்தால் மறுபடியும் முதல் உலகத்தின் முதல் கட்டம். ஏ பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டை அழுத்தினால் செத்த உலகத்திலிருந்தே தொடரலாம் என்ற உண்மை எங்களுக்குத் தெரியவர ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆனது. அதற்குள் முதல் உலகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடுமளவுக்குத் தேறிவிட்டிருந்தோம்.

ஆகவே, தோற்றால் கொடுக்க வேண்டிய விலையை வைத்தே அந்த விளையாட்டுகள் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த விலையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அரை மணி நேரக் காட்சி. சதுரங்கத்தில் ஒவ்வொரு தப்பான நகர்த்தலையும் திரும்ப எடுத்துக்கொண்டே போய் ராஜாவை மடக்கிவிட்டு, ‘ஜெயித்துவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வோமா? அழுகுணி ஆட்டம் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

கட்டுரையாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. பின்னோக்கி ஓட்டும் வசதியை நானும் பயன்படுத்துகிறேன். என் வலது கட்டைவிரல் மூட்டு இப்போதெல்லாம் அரை மணி நேரத்துக்கு மேல் ஒத்துழைப்பதில்லை. பிடிபடாத ஒரு தாவலைப் பத்து முறை பழகிப் பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. நேரமில்லாதவர்கள், கை நடுங்குகிறவர்கள், கதை எப்படி முடிகிறது என்று பார்த்தால் போதும் என்கிறவர்கள் தாராளமாக ஓட்டிக்கொள்ளட்டும். நிறுவனங்களே மறுவெளியீடுகளில் அந்த வசதியை வைத்துத்தான் தருகின்றன. வினைச்சொல்லைப் பற்றி மட்டும்தான் என் வழக்கு.

சரி, எது வெற்றி என்று யார் தீர்ப்புச் சொல்வது? இதில் ஆளுக்கொரு சட்டம் வைத்திருக்கிறார்கள். ஒரே உயிரில் முடிக்க வேண்டும் என்பார் ஒருவர். ஒரே அமர்வில் என்பார் இன்னொருவர். எல்லா ரகசியங்களையும் தேடி எடுத்திருக்க வேண்டும் என்பார் மூன்றாமவர். இந்த வாய்ச்சண்டையில் எனக்கு ஈடுபாடு இல்லை. கேமிடமே கேட்டுவிடுவது என் வழக்கம். பெரும்பாலானவை பதில் வைத்திருக்கின்றன.

கேப்காம் நிறுவனத்தின் கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ் (1985) வைத்திருக்கும் பதில் ஈவிரக்கமற்றது. இரண்டு அடி பட்டால் சாவு என்ற நிலையில் கல்லறைத் தோட்டத்திலிருந்து கோட்டைவரை போராடிச் சேர்ந்தால், ‘இந்த அறை ஒரு மாயை, சாத்தான் விரித்த வலை’ என்று திரையில் எழுதிக் காட்டி, மொத்தத்தையும் முதலிலிருந்து மறுபடி ஆட வைக்கும். இரண்டாம் சுற்றை முடித்தால்தான் உண்மையான முடிவு. நான் முதல் சுற்றையே தாண்டியதில்லை. தாண்டுவேன் என்ற நம்பிக்கையும் இப்போது இல்லை. சோனிக் (1991) கொஞ்சம் நாகரிகமானது: ஆறு மரகதங்களையும் சேர்க்காமல் முடித்தவருக்குக் கடைசியில் அந்த முட்டை வடிவ வில்லன் விடுபட்ட மரகதங்களைக் கையில் தூக்கிப்போட்டுப் பிடித்து விளையாடிக்கொண்டே ‘மறுபடி முயன்று பார்’ என்று காட்டுவான். அந்த முகத்தை அறைய வேண்டும் போலிருக்கும். மெட்ராய்டில் (1986) கடிகாரம் ஓடுவதே நமக்குத் தெரியாது. ஐந்து மணி நேரத்துக்குள் முடித்தால்தான் கவசத்துக்குள் இருந்த வீரர் ஒரு பெண் என்பதைக் காட்டும். மெதுவாக வந்தவருக்குக் கவசத்தோடு சரி.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி, மரியோவின் இரண்டாம் பாகமாக 1986-இல் ஜப்பானில் மட்டும் வெளியானது. மற்ற நாட்டவரால் தாங்க முடியாத கடினம் என்று அப்போது வெளியே அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள். முதல் பாகத்தில் உலகங்களைத் தாண்டிப் போகக் குழாய்கள் உண்டு. அவற்றில் இறங்கினால் 32-இல் எட்டே கட்டங்களை ஆடி இளவரசியிடம் போய்விடலாம். அந்தக் குழாய்களை வைத்ததே அதை உருவாக்கியவர்கள்தானே, பிறகு அது எப்படி ஏமாற்று ஆகும் என்று நானும் வாதாடியிருக்கிறேன். இரண்டாம் பாகத்திலும் குழாய்கள் உண்டு. ஆனால் ஒன்றில்கூட இறங்காமல் முடித்தவருக்கு மட்டும் ஒன்பதாவது உலகம் திறக்கும். குழாயில் போனவரையும் இளவரசியிடம் சேர்த்துவிடுகிறது. கையில் குறித்தும் வைத்துக்கொள்கிறது. அதைப் பார்த்த பிறகு நான் அந்த வாதத்தை விட்டுவிட்டேன்.

இருவர் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டான கான்ட்ராவின் விஷயம் இவ்வளவு எளிதில் தீரவில்லை. அது எங்கள் வீட்டில் 35 ஆண்டுகளாக நிலுவையில் இருக்கும் வழக்கு.

என் அண்ணனுக்கும் எனக்கும் நான்கு வயது வித்தியாசம். முதல் கண்ட்ரோலர் எப்போதும் அவரிடம், இரண்டாவது எனக்கு. கான்ட்ரா கேசட்டில் ஆளுக்கு மூன்று உயிர்கள், எட்டுக் கட்டங்கள். ஒரு குண்டு பட்டால் ஒரு உயிர் போகும், கையிலிருந்த நல்ல துப்பாக்கியும் கூடவே போகும். மூன்றாவது கட்டம் அருவி. பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். இருவரில் யார் மேலே போனாலும் திரை அவரோடு மேலே நகரும். கீழே தங்கிவிட்டவர் திரையின் அடிவிளிம்பில் அகப்பட்டுச் சாவார். எதிரியே வேண்டாம், கூட வருகிறவரே கொன்றுவிடலாம். அந்தக் கட்டத்தில் அண்ணன் ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் நின்று, ‘வந்துவிட்டாயா?’ என்று கேட்பார். ‘வந்துவிட்டேன் அண்ணா’ என்று நான் சொன்ன பிறகுதான் அடுத்த பாறை. எங்களுக்கு அருவியைத் தாண்டவே மூன்று வாரம் பிடித்தது.

ஒருநாள் அண்ணன் திடீரென்று நிற்காமல் ஏற ஆரம்பித்தார். நான் அடிவிளிம்பில் செத்தேன். மறுபடி பிறந்தேன், மறுபடி செத்தேன். அவர் கேட்கவே இல்லை. அடுத்த கட்டம் தொடங்குவதற்கு முன் வரும் கறுப்புத் திரையைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மிச்ச உயிர் காட்டும் இடத்தில் இரண்டோ மூன்றோ இருக்க வேண்டும். இருந்ததோ இருபதுக்கு மேல் ஓர் எண். (எண்ணைச் சரிபார்க்கும் புத்தி எனக்கு வேலைக்குப் போகுமுன்பே இருந்திருக்கிறது.) யாரோ ஒரு பள்ளித் தோழர் சொல்லிக்கொடுத்த மந்திரம்: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. தலைப்புத் திரையில் இந்த வரிசையில் அழுத்தினால் ஆளுக்கு 30 உயிர்கள். நான் தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில் அழுத்தியிருக்கிறார்.

அன்று மாலையே கடைசிக் கட்டம்வரை போய், கடைசி எதிரியாக வரும் அந்தத் துடிக்கும் இதயத்தைச் சுட்டு வீழ்த்திவிட்டோம். ஹெலிகாப்டர் புறப்பட்டது, தீவு வெடித்தது, பெயர்கள் ஓடின. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ‘ஜெயித்துவிட்டோம்’ என்றார் அண்ணன். ‘நீங்கள் ஒரு தடவைகூட வந்துவிட்டாயா என்று கேட்கவில்லை’ என்றேன் நான். அதற்கு அவர் சொன்னது: ‘உனக்குத்தான் முப்பது இருக்கிறதே, எதற்குக் கேட்க வேண்டும்?’

இப்போதும் இதை எடுத்தால் அவர் சளைக்காமல் வாதாடுவார். அவருடைய வாதத்தில் நியாயமும் உண்டு. அந்த மந்திரத்தைத் திருட்டுத்தனமாக யாரும் நுழைக்கவில்லை. கொனாமி நிறுவனத்தில் கசுஹிசா ஹாஷிமோட்டோ என்ற நிரலாளர், கிரேடியஸ் விளையாட்டை வீட்டுக் கருவிக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்கத் தனக்கே அது மிகக் கடினமாக இருந்ததால் வைத்துக்கொண்ட வசதி அது. எடுக்காமல் விட்டுவிட்டார்கள், 1986-இல் கிரேடியஸோடு வெளியே வந்தது, பிறகு கான்ட்ராவுக்கும் வந்தது. ‘உருவாக்கியவராலேயே முடிக்க முடியாததை நான் மட்டும் எதற்கு வெறுங்கையோடு முடிக்க வேண்டும்?’ என்பது அண்ணனின் கேள்வி. நல்ல கேள்விதான். ஹாஷிமோட்டோ அதைச் சோதனைக்காகப் பயன்படுத்தினார், வெற்றி என்று சொல்லிக்கொள்வதற்காக இல்லை என்பது என் பதில். வழக்கு தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டின் இறுதியில் மூன்று உயிர்களோடும் கேசட்டே எண்ணிக் கொடுத்த தொடரும் வாய்ப்புகளோடும் ஒருமுறை முடித்தோம். அதை மட்டும்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு வீறாப்பாகப் பேசுகிறவள் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். 30 ஆண்டுகளாக நானும் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

1993-இல் நான் வேலைக்குச் சேர்ந்த அச்சகத்தில், இரவுப் பக்கங்கள் போன பிறகு பக்கம் அமைக்கும் கணினி சும்மா இருக்கும். உடன் பணியாற்றியவர் ஒருவர் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை ஃப்ளாப்பியில் கொண்டுவந்தார். 1989-இல் ஜோர்டன் மெக்னர் உருவாக்கியது. தன் தம்பியை ஓடவும் தாவவும் ஏறவும் விட்டுப் படம்பிடித்து, அதிலிருந்து ஒவ்வொரு அசைவாக வரைந்தெடுத்தார். அதனால்தான் அந்த இளவரசன் பொம்மையைப் போல ஓடாமல் மனிதனைப் போல ஓடுகிறான், விளிம்பில் தடுமாறி நிற்கிறான். இதில் உயிர்க் கணக்கே கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம். கையில் இருப்பது 60 நிமிடம் மட்டுமே. செத்தால் அந்தக் கட்டத்தின் தொடக்கத்துக்குப் போகிறோம். கடிகாரம் மட்டும் திரும்பாது.

முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை வரும். எழுத்துகளின்மேல் வரிசையாகக் குப்பிகள். கையேட்டின் இத்தனையாவது பக்கத்தில், இத்தனையாவது வரியில், இத்தனையாவது சொல்லின் முதல் எழுத்து எதுவோ, அந்தக் குப்பியைக் குடிக்க வேண்டும், தவறினால் அடி. நகல் எடுத்தவர்களைப் பிடிக்க வைத்த பொறி. பக்கம், வரி, சொல் என்று நாள் முழுவதும் அதையே செய்து வயிறு வளர்க்கும் ஒருத்தியிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? கையில் கையேடுதான் இல்லை. ஊகத்தில் குடித்துக் குடித்துச் செத்தோம்.

கடைசியில் அதே நண்பர் இன்னொரு மந்திரம் கொண்டுவந்தார். விளையாட்டைத் தொடங்கும்போது ‘பிரின்ஸ் மெகாஹிட்’ என்று தட்டினால் போதும். பிறகு ஷிஃப்டோடு எல் விசையை அழுத்தினால் அடுத்த கட்டம். மந்திரம் இல்லாமலும் முதல் சில கட்டங்களை அப்படித் தாண்டலாம். ஆனால் அப்போது கடிகாரத்தை 15 நிமிடத்துக்குக் குறைத்துவிடும். மந்திரம் அந்தத் தண்டனையையும் நீக்கிவிட்டது. நான் பிடித்த கட்டங்களை ஆடினேன், பிடிக்காதவற்றைத் தாண்டினேன், கடைசியில் இளவரசியைச் சிறைவைத்திருந்த அமைச்சனைக் கொன்று அவளை அணைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து ‘பிரின்ஸை ஜெயித்தவள்’ என்ற பட்டம் அச்சகத்தில் நிலைத்துவிட்டது. நானும் மறுக்கவில்லை. என் மகளிடம்கூடப் பெருமை பேசியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு அவள்தான் கேட்டாள்: ‘அம்மா, நீ உண்மையிலேயே ஒரு மணி நேரத்துக்குள் முடித்தாயா?’ ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அன்றிரவே பழைய டாஸ் பதிப்பைத் தேடி எடுத்து, மந்திரம் இல்லை, சேமிப்பு இல்லை, ஒரே அமர்வு என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தேன். நான்கு மாதம் ஆனது. இரண்டு தளம் விழுந்தால் ஓர் அடி, மூன்று தளம் விழுந்தால் சாவு என்பதை உடம்பு மறுபடி கற்றுக்கொள்ளவே இரண்டு வாரம். நான்காவது கட்டத்தில் ஓடி வந்து ஒரு கண்ணாடிக்குள் பாய வேண்டும். பாயும்போது இளவரசனின் நிழல் மறுபக்கமாகப் பிரிந்து ஓடிவிடும். ஐந்தாவதில் அது நமக்கு வேண்டிய குப்பியைக் குடித்துவிட்டுப் போகும். ஆறாவதில் கதவை அடைத்து நம்மைப் பள்ளத்தில் விழ வைக்கும். இந்தத் தொல்லையெல்லாம் எனக்கு அரைகுறையாக நினைவிருந்தது. ஆனால் பன்னிரண்டாவது கட்டத்தை 1993-இல் நான் ஷிஃப்ட் எல் போட்டுத் தாண்டியிருக்கிறேன் என்பது அங்கே போய் நின்றபோதுதான் தெரிந்தது.

கோபுரத்தின் உச்சியில், மேலேயிருந்து அந்த நிழல் குதித்தது. வாளை உருவியது. நானும் உருவினேன். ஒரு குத்து, அதற்கு ஓர் உயிர்ப்புள்ளி குறைந்தது, எனக்கும் ஒன்று குறைந்தது. இன்னொரு குத்து, எனக்கும் இன்னொன்று. எங்கோ தவறு செய்கிறேன் என்று நினைத்து வேகமாகச் சண்டையிட்டு அதைக் கொன்றேன், நானும் விழுந்தேன். மூன்று மாலைகள் இதே கதை. கடிகாரத்தில் ஏழெட்டு நிமிடம் மிச்சம் வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேருவதே பெரும்பாடு. போய்ச் சாவது மட்டும் தவறாமல் நடந்தது. நான்காவது மாலை, கை வலித்ததால் விசைகளிலிருந்து விரலை எடுத்தேன். நிழலும் சும்மா நின்றது. எனக்கு என்ன தோன்றியதோ, கீழ் விசையை அழுத்தி வாளை உறையில் போட்டேன். அதுவும் போட்டது. மெல்ல அதை நோக்கி நடந்தேன். இருவரும் ஒருவருக்குள் ஒருவர் நுழைந்து ஒரே ஆளாகிவிட்டோம். அதற்கப்பால் வெறும் பள்ளம். ஓடினேன், கால் வைக்க வைக்கத் தரை முளைத்தது.

அந்த விளையாட்டு முதலில் உருவான ஆப்பிள் கணினியின் நினைவகத்தில் இன்னொரு பாத்திரத்துக்கு இடம் இல்லாததால், இளவரசனின் படங்களையே மாற்றிப் பயன்படுத்தி மெக்னர் அந்த நிழலை உருவாக்கினார் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். இருக்கட்டும். நான் சொல்ல வந்தது இது: 30 ஆண்டுகளாக ‘வென்றேன்’ என்று சொல்லிவந்த விளையாட்டின் ஆகச் சிறந்த இரண்டு நிமிடங்களை நான் பார்த்ததே இல்லை. அமைச்சன் விழுந்து கடிகாரம் நின்றபோது மூன்று நிமிடம் பாக்கி இருந்தது. மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டினேன். ‘காலையில் பார்க்கிறேன் அம்மா’ என்றாள்.

முடிவே இல்லாத விளையாட்டுகளை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: அவற்றில் கருவியே கை தூக்குவதுதான் வெற்றி. பேக்-மேனில் (1980) கட்டத்தை எண்ணும் இடம் 255-ஐத் தாண்டத் தெரியாதது. 256-ஆவது கட்டத்தில் திரையின் வலப்பாதி குப்பையாகிவிடும், மேலே போக முடியாது. அதுவரை ஒரு புள்ளி, ஒரு பழம், ஒரு நீலப் பேய் விடாமல் தின்றால் கிடைக்கும் மதிப்பெண் 33,33,360. அதற்குமேல் யாராலும் எடுக்க முடியாது. நின்டெண்டோவின் 1989-ஆம் ஆண்டு டெட்ரிஸில் (மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் ஆட்டம்) 29-ஆவது நிலையின் வேகமே மனிதக் கைக்கு எல்லை என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். பிறகு வந்த பிள்ளைகள் கண்ட்ரோலரின் முதுகில் விரல்களை வரிசையாகத் தட்டி உருட்டும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். 2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கச் சிறுவன் 157-ஆவது நிலைவரை போய், கருவியையே உறைந்து நிற்க வைத்தான். அந்தச் செய்திக்கு ‘வென்றான்’ என்று தலைப்பிட்டவர்கள் சரியாகத்தான் இட்டார்கள். டெட்ரிஸை வெல்வதெல்லாம் ஒரு வாழ்க்கை லட்சியமா, வெளியே போய்க் காற்று வாங்கு என்ற பொருளில் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் அப்போது பேசினார். அவர் எதையாவது 38 நிமிடம் கண் சிமிட்டாமல் செய்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

கடைசியாக, கட்டுரையாளர் தன் ஒன்பதில் ஒன்றாகச் சேர்த்திருக்கும் பப்பிள் பாபிளுக்கு வருகிறேன். டைட்டோ நிறுவனம் 1986-இல் வெளியிட்ட இரண்டு குட்டி டிராகன்களின் ஆட்டம். குமிழி ஊதி எதிரிகளை அடைத்து உடைக்க வேண்டும், 100 சுற்றுகள். தனியாக ஆடி நூறையும் முடித்ததாக எழுதியிருக்கிறார். பின்னோக்கி ஓட்டியதை மறந்துவிடலாம். அவர் திரையில் வந்ததைப் படித்தாரா என்பதே என் ஐயம். தனியாக வந்து முடிப்பவரிடம் அந்த விளையாட்டு, இது உண்மையான முடிவு இல்லை, நண்பனோடு வா என்று எழுதியே காட்டுகிறது. நூறு சுற்றுகளையும் ஓர் உயிர்கூட இழக்காமல் முடித்தாலும் அதே பதில்தான். இருவராக முடித்தால் நல்ல முடிவு வரும். அதற்கும் மேலே ஒரு சூப்பர் முறை இருக்கிறது என்று அப்போது அதுவே துப்புக் கொடுக்கும்.

அண்ணன் சென்ற மாதம் வந்திருந்தார். கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ‘இரண்டாவது கண்ட்ரோலர் எனக்கு’ என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் உட்கார்ந்தோம். ஐம்பதுக்குமேல் அவருடைய நீல டிராகன் மளமளவென்று செத்தது. அறுபத்து மூன்றில், ‘கொஞ்சம் பின்னால் ஓட்டேன்’ என்றார். ‘முடியாது அண்ணா’ என்றேன். எழுபதுகளில் மறுபடி கேட்டார், மறுபடி மறுத்தேன். மாலை ஆறு மணிக்கு அவர் கிளம்ப வேண்டும். எண்பத்தெட்டாவது சுற்றில் மணி ஐந்தரை. அவருக்கு ஒரே ஓர் உயிர்தான் மிச்சம். எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்பதை அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடுவதைப் பார்த்தேன். செத்தார். அவர் வாய் திறக்கும் முன் நானே அந்தப் பொத்தானை அழுத்தினேன். பிறகு நூறுவரை எத்தனை முறை அழுத்தினேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு சுற்றிலும், ‘வந்துவிட்டாயா?’ என்று கேட்டுக்கொண்டே போனார்.

நல்ல முடிவு வந்தது. ‘ஜெயித்துவிட்டோம்’ என்றார் அண்ணன், செருப்பை மாட்டிக்கொண்டே. ‘முடித்துவிட்டோம்’ என்று திருத்தினேன்.

ஆகவே, அடுத்த ஞாயிறு இணைப்பில் கீழ்க்கண்ட சிறு பெட்டிச் செய்தியை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மெய்ப்பு நானே பார்த்துவிட்டேன்; அப்படியே அச்சேற்றலாம்.

திருத்தம்: சென்ற ஞாயிறு இணைப்பில் ‘ஒன்பது பழைய வீடியோ கேம்களை இரண்டே வாரத்தில் வென்றேன்’ என வெளியான தலைப்பை, ‘எட்டுப் பழைய வீடியோ கேம்களை இரண்டே வாரத்தில் முடித்தேன்’ எனத் திருத்தி வாசிக்கவும். ஒன்பதாவதற்குக் கட்டுரையாளர் ஒரு நண்பரை அழைத்துக்கொண்டு மீண்டும் செல்ல வேண்டியுள்ளது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி
(ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்)

பி.கு.: அதே கட்டுரையின் ஆறாம் பத்தியில் ‘அந்த கோட்டை’ என்று இருக்கிறது. ‘அந்தக் கோட்டை’ என்று வர வேண்டும்.